மரமும் சக்கரமும்: மலாக்காத் தோட்டங்கள் உரைக்கும் தொழில் வரலாறு

மலாக்கா என்ற பெயரைக் கேட்டவுடன் மாணவர் நெஞ்சில் தோன்றுவன பரமேசுவரன் நிறுவிய அரசும், 1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கைப்பற்றிய துறைமுகமும், ஆற்றங்கரையில் நிற்கும் செந்நிறக் கட்டடங்களுமே ஆகும். சுல்தான்கள் காலத்து மலாக்காவில் வந்திறங்கிய வணிகரை நான்கு ஷாபண்டார்கள் வகைப்படுத்திக் கவனித்தனர். அவர்களுள் ஒருவர் தமிழகக் கரையிலிருந்து வந்த வணிகரையும் சேர்த்துக் கவனித்தார். துணியும் மிளகும் கிராம்பும் கை மாறிய அந்தத் துறைமுகத்தில் பொருளை ஆக்கியவனுக்கும் அதனை நுகர்ந்தவனுக்கும் இடையே கடல்கள் பல கிடந்தன. அக்கடல்களைக் கடக்கும் வழியை ஒழுங்கு செய்ததே மலாக்காவின் பெருமை.

ஆயின், மலாக்காவுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது கடற்கரையில் எழுதப்பட்டதன்று. ஜாசினிலும் ஆசாஹானிலும் அலோர் காஜாவிலும் தெபோங்கிலும் மரப்பட்டைகளின் மேல் உளியால் எழுதப்பட்டது. உலகின் சக்கரங்களுக்கு இரப்பர் கொடுத்த அந்த வரலாற்றில் தமிழர் முதற்கண்ணியாக நின்றனர். தொழிற்சாலை ஒன்றின் ஏற்றமும் இறக்கமும் அதன் சுவர்களுக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அதற்கு மூலப்பொருள் தருவோர், ஏற்றி அனுப்புவோர், வாங்குவோர் ஆகிய அனைவரும் எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளனர் என்பதைப் பொறுத்தே அமைகின்றது. இப்பிணைப்பை இன்று விநியோகச் சங்கிலி என்கின்றனர். ஆங்கிலத்தில் விநியோகச் சங்கிலி மேலாண்மை என்னும் சொல்லாட்சி 1982-ஆம் ஆண்டில்தான் பொது வழக்கிற்கு வந்தது. ஆயின் அச்சொல் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அப்பொருள் மலாக்காத் தோட்டங்களில் நடைமுறையில் இருந்தது.

அந்த நடைமுறை கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. சங்கிலியில் பொருள் முன்னோக்கிச் செல்கின்றது. அதற்கு ஈடாக அறிவும் ஆதாயமும் பின்னோக்கி வந்தால் தொழில் தழைக்கின்றது; பொருள் மட்டும் சென்று, நட்டம் மட்டும் திரும்பி வந்தால் முதற்கண்ணி தேய்கின்றது. தேய்ந்த கண்ணியின் விளைவு முதலில் லயத்திலும், பல்லாண்டுகள் கழித்துத் தொழிற்சாலையிலும் தெரிகின்றது.

மரவள்ளியிலிருந்து இரப்பருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் உள்நாட்டில் சீன முதலாளிகள் மரவள்ளியைப் பெருமளவில் பயிரிட்டனர். கிழங்கை அரைத்து மாவாக்கும் ஆலைகள் தோட்டங்களை அடுத்தே நின்றன. மரவள்ளி மண்ணின் வளத்தை விரைவில் உறிஞ்சிவிடும். சில ஆண்டுகளில் நிலம் சலிக்கும். பின் புதுக்காட்டை அழிக்க வேண்டும். மாற்றுப் பயிர் ஒன்று தேவைப்பட்ட வேளையில் இரப்பர் வந்தது.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் சேர்ப்பித்தார். அவற்றில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். காப்பியில் நம்பிக்கை வைத்திருந்த தோட்ட முதலாளிகள் பலர் அவர் பேச்சுக்குச் செவிசாய்க்கவில்லை. செவிசாய்த்த ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற தான் தோக் செங்கின் பேரர் இவர். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இவர் இரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே எனப் போற்றப்படுகின்றது. பின்னர்ப் புக்கிட் ஆசாஹானில் மரவள்ளியோடு இரப்பரையும் பேரளவில் பயிரிட்டார். அத்தோட்டம் பிற்பாடு லண்டன் கம்பெனி ஒன்றிற்குப் பெருந்தொகைக்கு விற்கப்பட்டது.

அவ்விற்பனையில் ஒரு பெரிய மாற்றம் அடங்கியிருந்தது. மரம் மலாக்காவில், உடைமை லண்டனில், பங்கு வாங்கியோர் மரத்தைக் கண்ணால் காணாதவர். 1910-இல் மலாக்கா நகரில் சைம் டார்பி நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டில் துன் தான் செங் லோக் அவர்களின் முயற்சியால் யுனைட்டெட் மலாக்கா, மலாக்கா பிண்டா, ஆயர் மோலேக் ஆகிய இரப்பர்க் கம்பெனிகள் எழுந்தன. சைம் டார்பி போன்ற நிர்வாக முகவர் நிறுவனங்கள் தோட்டங்களுக்கு உரம், கருவி, அரிசி வாங்கித் தந்தன, கணக்கு எழுதின, இரப்பரைக் கப்பலேற்றி விற்றுக் கொடுத்தன. தனித்தனித் தோட்டத்தால் இயலாததைப் பல தோட்டங்களை ஒரு கணக்குப்புத்தகத்தின் கீழ்க் கொண்டுவந்து சாதித்தன. இதுவே ஒருங்கிணைப்பின் முதல் வடிவம் எனலாம்.

காலத்தோடு போட்டியிடும் பால்

இரப்பர்த் தொழிலின் இயல்பை அறியாதவர்க்கு இவ்வொருங்கிணைப்பின் தேவை விளங்காது. மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே பொழுது புலருமுன் பெரட்டுக்கு மணி அடித்தது. கங்காணி பெயர் கூப்பிட்டபின், ஆணும் பெண்ணும் தத்தம் நிரைகளுக்குச் சென்று ஒருவர்க்கு நானூறு, ஐந்நூறு மரங்கள் எனச் சீவினர். மங்கில் சொட்டிய பாலை முற்பகலில் வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தனர். காலம் தாழ்ந்தால் பால் புளித்துக் கட்டியாகும். மழை பெய்தால் நீர் கலந்து வீணாகும்.

பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். கொட்டகையில் அதன் செறிவை அளந்து கிராணி குறித்துக்கொள்வார். பின் நீர் கலந்து, வடிகட்டி, அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளைகளில் தகடாக அழுத்தி, புகைவீட்டில் சில நாள் உலர்த்துவர். மரத்திலிருந்து தகடு வரையிலான இவ்வளவும் ஒரே தோட்டத்திற்குள் நிகழ வேண்டியிருந்தது. ஆகவே இரப்பர்த் தோட்டம் வெறும் வயல் அன்று; அது மரங்களுக்கு நடுவே அமைந்த ஒரு தொழிற்சாலை. பால் வெட்டிய தமிழரும் விவசாயக் கூலிகள் மட்டும் அல்லர். நேரத்திற்குக் கட்டுப்பட்ட தொழிற்சாலைத் தொழிலாளரும் ஆவர்.

தகடுகளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல வழி வேண்டும். 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை இரயில் கிளைப்பாதை திறக்கப்பட்டது. மலாக்காத் துறை ஆழம் குன்றியிருந்ததால் பெருங்கப்பல்கள் தொலைவில் நிற்க, படகுகளே சரக்கை ஏற்றிச் சென்றன. சிங்கப்பூரில் 1911 முதல் இரப்பர் ஏலம் நடைபெற்றது. புகைவீட்டில் உலர்ந்த தகடு சிங்கப்பூர் ஏலத்திலும் லண்டன் சந்தையிலும் விலை பெற்று, பர்மிங்காமிலோ ஆக்ரனிலோ டயராக மாறியது.

ஆட்களைக் கோத்த சங்கிலி

பொருளுக்கு அமைந்த சங்கிலிக்கு முன்பே ஆட்களுக்கு ஒரு சங்கிலி அமைந்திருந்தது. தொடக்கத்தில் சஞ்சிக்கூலி முறை. அது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. தோட்ட நிர்வாகம் உரிமம் பெற்ற கங்காணியைத் தமிழகத்திலுள்ள அவர்தம் ஊருக்கே அனுப்பும். அவர் உறவினரையும் ஊராரையும் திரட்டி நாகப்பட்டினத்தில் சேர்ப்பார். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் அனைவரும் பங்கு செலுத்தினர். அந்நிதியே பயணச் செலவை ஏற்றது. இதனால் ஒரு தோட்டம் அழைத்து வந்த ஆளை மற்றொரு தோட்டம் கவர்ந்துகொள்ளும் பூசல் தணிந்தது. முதலாளிகளின் கண்ணால் நோக்கின் இது திறம்பட்ட ஏற்பாடே. வேண்டிய காலத்தில் வேண்டிய ஆட்கள் கிடைத்தனர். வேண்டாத காலத்தில் திருப்பி அனுப்பவும் முடிந்தது.

கங்காணிக்குத் தம் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் தலைக்காசு கிடைத்தது. எனவே பெரட்டுக்கு வாராத ஒவ்வொருவரும் கங்காணிக்கு நட்டம். உறவும் ஊரும் சாதியும் கடனும் சேர்ந்து தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தன. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பற்று வைத்து அரிசி வாங்கிய கடை தோட்டத்தின் அனுமதி பெற்றது. பிள்ளை படித்த பள்ளியும் தோட்டத்தின் கொட்டகையே. தொழிற்சட்டம் வற்புறுத்தியதால் எழுந்த அப்பள்ளிகளில் பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகள். தெபோங், காடேக், டைமண்ட் ஜூபிலி எனத் தோட்டப் பெயர்களைத் தாங்கி மலாக்காவில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் அவ்வரலாற்றின் எச்சங்களே. முதலாளி நடாத மரம் ஒன்று அங்கே வேர்விட்டது என்பதைத் தமிழாசிரியர் நன்கு அறிவர்.

சக்கரத்தின் சொந்தக்காரர் தோட்டத்திற்கு வருகின்றார்

ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1908-இல் ஃபோர்டின் டி மாதிரிக் கார் வெளிவந்தது. கார் பெருகப் பெருக இரப்பருக்குப் பசி பெருகியது. 1910-ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இரப்பரின் விலை 12 சில்லிங்கைத் தாண்டியது. டயர் செய்வோர்க்கு இது பெருஞ்சுமை. பிறர் கையிலுள்ள மூலப்பொருளை நம்பித் தொழில் நடத்துவதைவிட மரத்தையே சொந்தமாக்கிக்கொள்வது நன்று என அவர்கள் கருதினர்.

டன்லப் நிறுவனம் 1910-ஐ ஒட்டி மலாயாவில் தோட்டங்கள் வாங்கத் தொடங்கியது. டயருக்கு வேண்டிய நூலுக்காக இங்கிலாந்தின் ராச்டேலில் பஞ்சாலையும் அமைத்தது. அமெரிக்க யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியும் குட்இயரும் சுமத்திராவில் காலூன்றின. மரம், நூல், டயர் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வருவதைப் பொருளியலார் செங்குத்து ஒருங்கிணைப்பு என்பர். மலாக்காவின் அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானில் பகாவ் அருகே டன்லப் வளர்த்த பெருந்தோட்டம், அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சர் எரிக் கெடிசின் பெயரைத் தாங்கியது.

இவ்வாறு மரத்தைச் சொந்தமாக்கியதால் தொழிற்சாலைகள் செழித்தனவா? வரலாறு தரும் விடை நேரானதன்று. இரப்பர் மரம் நட்டபின் பால் தர ஆறு ஆண்டுகளேனும் ஆகும். 1910-இன் விலையைக் கண்டு நட்ட மரங்கள் 1916, 1917-ஆம் ஆண்டுகளிலே பால் தந்தன; அப்பால் சந்தையை நிரப்பியபோது, உலகப் போருக்குப் பின் வந்த 1920, 1921-ஆம் ஆண்டுகளின் வாணிபச் சரிவும் சேர்ந்துகொண்டது. டன்லப் பெருநட்டம் அடைந்து நிர்வாகமே கைமாறியது. கெடிஸ் அதன் தலைமையை ஏற்றது அந்நெருக்கடிக்குப் பின்னரே. சொந்த மரம் விலை ஏறும்போது அரணாகின்றது. விலை வீழும்போது சுமையாகின்றது. சங்கிலி எவ்வளவு இறுகியதோ அவ்வளவு விரைவாக ஒரு முனையின் அதிர்ச்சி மறுமுனையை எட்டியது.

விலை என்னும் ஒரே செய்தி

வீழ்ந்த விலையை நிமிர்த்தப் பிரிட்டிஷ் அரசு 1922-இல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்தன. டச்சுக் கிழக்கிந்தியா சேரவில்லை. 1925-இல் விலை மிக உயர்ந்தது. உடனே வாங்குவோர் மாற்றுவழி தேடினர். ஃபயர்ஸ்டோன் 1926-இல் லைபீரியாவில் நிலம் பெற்றது. ஃபோர்டு அமேசான் காட்டில் தம் பெயரால் ஒரு தோட்டநகரை அமைக்கத் தொடங்கினார். அங்கே இலைக்கருகல் நோய் மரங்களைத் தாக்கியது. 1945-இல் ஃபோர்டு நிறுவனம் அந்நிலங்களைக் கைவிட்டது. பணமும் உடைமையும் இருந்தும் மரத்தின் இயல்பை அறிந்த அறிவு இல்லாமையால் அம்முயற்சி தோற்றது. ஸ்டீவன்சன் திட்டமும் 1928-இல் நீக்கப்பட்டது.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். 1932-இல் லண்டன் விலை இறாத்தலுக்கு இரண்டு பென்சுக்கும் கீழே சரிந்தது. இச்சரிவு தோட்டத்திற்கு எவ்வுருவில் வந்தது? கூலிக் குறைப்பாகவும் ஆட்குறைப்பாகவும் வந்தது. 1930 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். வந்த கப்பலிலேயே வெறுங்கையுடன் மீண்டவர் பலர். 1934-இல் அனைத்துலக இரப்பர் ஒழுங்குமுறை உடன்பாடு ஏற்பட்டுத் தொழில் ஓரளவு நிமிர்ந்தது. கூலிக் குறைப்பைக் கண்டித்து இந்திய அரசு 1938-இல் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். லண்டனிலிருந்து மலாக்காவின் லயத்திற்கு வந்து சேர்ந்த செய்தி ஒன்றே ஒன்று, அது விலை. தம் இரப்பர் எங்கே செல்கின்றது, என்னவாகின்றது, எக்குறையால் தள்ளப்படுகின்றது என்பன பால் வெட்டியவரை எட்டவில்லை. விலை உயர்ந்தபோது பங்குதாரர்க்கு ஆதாயப் பங்கு சென்றது. விலை வீழ்ந்தபோது அதன் பாரம் முதற்கண்ணியின் மேல் இறங்கியது.

பெயர்த்தெடுத்த தண்டவாளம்

1942 ஜனவரியில் சப்பானியப் படைகள் மலாக்காவைக் கைப்பற்றின. நேச நாடுகள் தமக்குக் கிடைத்துவந்த இயற்கை இரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தன. சங்கிலி நடுவில் அறுந்தது. அமெரிக்கா செயற்கை இரப்பர் ஆலைகளை வியத்தகு வேகத்தில் எழுப்பியது. மூன்றே ஆண்டுகளில் அதன் உற்பத்தி ஆண்டுக்கு ஏழு இலட்சம் டன்னைத் தாண்டியது. ஆலைக்கு வெளியே கடல் கடந்து நின்ற ஒரு கண்ணி அறுந்ததும், அக்கண்ணியே வேண்டாத ஒரு தொழில் பிறந்துவிட்டது.

தோட்டங்களிலோ வேலை நின்றது, அரிசி அருகியது. வேலையற்று நின்ற தமிழரைச் சப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்குச் சென்றனர்; அவர்களுள் மிகப் பலர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டனர். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற இரயில் தண்டவாளத்தையும் சப்பானியர் பெயர்த்தெடுத்து அப்பாதைக்கே அனுப்பினர். இரப்பரைச் சுமந்த இரும்பும் இரப்பரை வெட்டிய கைகளும் ஒரே காட்டிற்குச் சென்றன. தண்டவாளம் திரும்பி வரவில்லை. போருக்குப் பின்னும் அக்கிளைப்பாதை மீண்டும் இடப்படவில்லை. சென்றவர்களிலும் பலர் திரும்பவில்லை. மலாக்கா மாநிலத்திற்குரிய இரயில் நிலையம் இன்றும் நகரில் இல்லை. புலாவ் செபாங்கிலேயே உள்ளது.

தரம் திரும்பி வந்த வழி

போருக்குப் பின் இயற்கை இரப்பருக்குச் செயற்கை இரப்பர் நிலையான போட்டியாயிற்று. அதன் வலிமை விலையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு மூட்டையும் ஒரே தன்மையுடன் இருந்ததே அதன் பெருவலிமை. இயற்கை இரப்பரோ கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டது. தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழும் கறையும் தேடுவர். 250 இறாத்தல் எடையுள்ள பெருமூட்டைகளாகக் கட்டப்பட்ட அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்பது டயர் ஆலையில் வெட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. ஒரு மூட்டை விரைவில் வெந்தது. மற்றொன்று மெதுவாக வெந்தது. தொழிற்சாலையின் இயந்திரம் நின்று நின்று ஓடியது.

இக்குறையைத் தீர்க்க 1965-இல் தோன்றியது எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசியத் தர இரப்பர் திட்டம். 1925-இல் நிறுவப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நெடுநாள் உழைப்பு இதற்கு அடிப்படையாயிற்று. பாலும் கட்டியும் துகளாக்கப்பட்டன. நாட்கணக்கில் புகைவீட்டில் கிடந்த இரப்பர் சில மணி நேரத்தில் வெப்பக் காற்றில் உலர்ந்தது. 33⅓ கிலோகிராம் கட்டிகளாக அழுத்தப்பட்டு நெகிழித் தாளில் பொதியப்பட்டது. முப்பது கட்டிகள் சேர்ந்தால் ஒரு டன். அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், ஆவியாகும் பொருள் ஆகியன ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டுச் சான்று வழங்கப்பட்டது. எஸ்.எம்.ஆர். 20 என்ற பெயரிலுள்ள எண்ணே, அதில் அழுக்கு நூற்றுக்கு 0.20 பங்கை மிஞ்சலாகாது என்ற தொடக்க கால வரம்பைக் குறிப்பதாகும்.

இதன் பொருள் ஆழமானது. டயர் ஆலைக்கு வேண்டியது யாது என்பது முதன்முறையாகத் தோட்டம் வரை எண்ணாகத் திரும்பி வந்தது. மங்கில் விழுந்த இலையும் வாளியில் ஒட்டிய மண்ணும் கடல் கடந்த ஆலை ஒன்றின் கணக்கில் இடம்பெற்றன. தோட்டத்தை விலைக்கு வாங்காமலே ஆலை தோட்டத்தோடு ஒன்றிணைந்தது. உடைமையால் இயலாத ஒருங்கிணைப்பைத் தரம் பற்றிய உடன்பாடு சாதித்தது எனலாம். டயர் உற்பத்தி மலேசியாவிலும் வேரூன்றியது. டன்லப் 1960-களில் பெட்டாலிங் ஜெயாவில் ஆலை நடத்தியது. 1980-களின் இறுதி வரை மலேசியா உலகின் தலையாய இயற்கை இரப்பர் உற்பத்தி நாடாகத் திகழ்ந்தது.

அறிவு இவ்வாறு திரும்பி வந்தது உண்மை. ஆயின் ஆதாயம் திரும்பி வந்ததா?

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

சங்கிலியின் மேல்முனை இறுகிய அதே காலத்தில் அதன் அடிமுனை அறுந்துகொண்டிருந்தது. 1950-களில், நாடு விடுதலை பெறும் நிலை நெருங்கியபோது, ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்னும் சொல் அக்காலத் தமிழ் ஏடுகளில் அச்சத்துடன் ஒலித்தது. பேராசிரியர் உங்கு அசிஸ் இதனை ஆராய்ந்து அறிக்கை தந்தார். துண்டாடப்பட்ட நிலத்தில் புகைவீடு இல்லை; மருத்துவ அறை இல்லை; பள்ளியைப் பேண ஆள் இல்லை. மூன்று தலைமுறையாக வாழ்ந்த லயத்தைத் தொழிலாளி காலிசெய்ய வேண்டியிருந்தது. பெரட்டு மணிக்கு நாள் தவறாது எழுந்தவனுக்கு அம்மண்ணில் ஓர் அடி நிலமும் சொந்தமில்லை என்ற உண்மை அன்றுதான் முழுமையாக விளங்கியது.

இதற்கு விடையாக எழுந்ததே துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர் தம் கூலியிலிருந்து தவணையாகச் செலுத்திய சிறுதொகைகளைத் திரட்டி, 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினர். வெட்டியவனே உடையவனாகும் வழி அது. 1954-இல் தோன்றிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் கூலிக்காகப் போராடியது. எனினும் அதன் ஒப்பந்தங்களிலும் கூலி இரப்பர் விலையோடு பிணைந்தே இருந்தது. சந்தையின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் வலிமை யாருக்கு மிகக் குறைவோ அவரிடமே அதன் ஒரு பங்கு விடப்பட்டது.

விளைவு மெல்ல மெல்ல வந்தது. இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. 1910-இல் இரப்பருக்காக எழுந்த யுனைட்டெட் மலாக்கா இன்று செம்பனை நிறுவனம். 1970-களில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தபோது தோட்டத்துப் பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1973-இல் மலாக்காவில் தொடங்கிய ஆலையே பிற்காலத்தில் இன்ஃபினியோன் ஆயிற்று. வெட்டுக்கத்தி பிடித்த தாயின் மகள் நுண்ணோக்கியில் கண் வைத்தாள். இருவரும் நின்ற இடம் ஒன்றே. நாடுகள் கடந்து நீண்ட ஒரு சங்கிலியின் கண்ணி.

பெகோவும் கையுறையும்

அலோர் காஜாவை அடுத்த பெகோவில் ஹோண்டாவின் கார்த் தொழிற்சாலை 2003-இல் இயங்கத் தொடங்கியது. கார் ஆலைகளின் இக்கால முறை, பாகங்களைக் கிடங்கில் குவித்து வைக்காமல் தேவைப்படும் வேளையிலே வரவழைப்பதாகும். கிடங்குச் செலவு குறையும். குறைபாடு உடனே வெளிப்படும். உற்பத்தித் திறன் உயரும். ஆயின் 2011-இல் தாய்லாந்தைப் பெருவெள்ளம் சூழ்ந்து பாக ஆலைகள் மூழ்கியபோது, ஒரு துளி வெள்ளமும் காணாத பெகோவிலும் அக்டோபர் இறுதியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1932-இல் லண்டன் விலை ஆசாஹானை எட்டியது போன்றே 2011-இல் தாய்லாந்து வெள்ளம் பெகோவை எட்டியது. ஒருங்கிணைப்பு திறனைக் கூட்டும், அதிர்ச்சியையும் கடத்தும். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

மற்றொரு சான்று இரப்பரிலிருந்தே கிடைக்கின்றது. மலேசியா இன்று உலகின் முன்னணிக் கையுறை உற்பத்தி நாடுகளுள் ஒன்று. இயற்கை இரப்பர்க் கையுறைகளுக்கு வேண்டிய பாலில் பெரும்பகுதியை அது தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கின்றது. மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டம் எழுந்த மண்ணைத் தன்னகத்தே கொண்ட நாடு பாலுக்கு வெளியாரை நாடுவது ஏன்? மரம் இருந்தும் வெட்ட ஆள் இல்லாமையும், செம்பனையின் ஆதாயமும் காரணங்கள். முதற்கண்ணிக்கு உரிய பங்கு கிடைக்காதபோது அக்கண்ணி வேறு தொழிலை நாடியது. ஆலையின் மூலப்பொருள் எல்லை கடந்து போயிற்று.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன எனக் கூறி மலேசியக் கையுறை நிறுவனங்கள் சிலவற்றின் சரக்கைத் தடுத்து நிறுத்தியது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர் தரகர்க்குக் கட்டிய கட்டணமும் அதனால் ஏற்பட்ட கடனும் அங்கே முதன்மையான சிக்கலாயின. நிறுவனங்கள் அக்கட்டணத்தைத் தொழிலாளர்க்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அத்தொழிலாளர் வங்காளதேசத்தினர், நேப்பாளத்தினர், தமிழர் அல்லர். ஆயின் தரகர், முன்கடன், விடுதி வாழ்வு என்னும் அக்கதையைத் தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகள் அறியாதவர் அல்லர். நூறாண்டுகளுக்கு முன் கணக்கில் ஏறாத அக்கடன் இன்று ஆலையின் ஏற்றுமதியையே நிறுத்தும் வல்லமை பெற்றுள்ளது. முதற்கண்ணியின் நலன் அறம் பற்றியது மட்டுமன்று; தொழிலின் திறன் பற்றியதும் ஆகும் என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்ட காலம் இது.

முடிவாக

மலாக்காவின் இரப்பர் வரலாற்றை மூன்று வகைப் பிணைப்புகளின் வரலாறாகக் காணலாம். ஆளைக் கடனால் பிணைத்தது ஒன்று. அது மலிவான உழைப்பைத் தந்தது, ஆயின் நிலைக்கவில்லை. மரத்தை உடைமையால் பிணைத்தது மற்றொன்று. அது விலை ஏறியபோது காத்தது, வீழ்ந்தபோது அழுத்தியது. தரத்தை அறிவால் பிணைத்தது மூன்றாவது. அதுவே செயற்கை இரப்பரின் போட்டியில் இயற்கை இரப்பரைக் காத்து நின்றது. நான்காவதாக வந்திருக்க வேண்டியது ஆதாயத்தால் பிணைக்கும் பிணைப்பு. கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக அதற்கு ஒரு தொடக்கம் கண்டவர் பால் வெட்டிய தொழிலாளரே.

தொழில் நிர்வாகம் பயிலும் மாணவர் ஜப்பானின் கார் ஆலைகளையும் அமெரிக்க அங்காடிகளையும் எடுத்துக்காட்டாகப் படிக்கின்றனர், படிக்கத்தான் வேண்டும். அதனோடு தம் பாட்டன் பாட்டியர் நின்ற நிரையையும் அவர்கள் படித்தல் நன்று. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி, மரத்திற்கு மரம் நடந்தவர்கள் ஒரு பெருந்தொழிலின் தொடக்கத்தில் நின்றவர்கள். தாங்கள் வெட்டிய பால் எங்கே செல்கின்றது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. அதனை அறிந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் பொறுப்பு மலாக்காவின் தமிழ் வகுப்பறைகளுக்கு உண்டு.